லீனா உன்னைப் பாதியில் விட்டுவிட்டுப் போகவில்லை

தம்பி,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் உன்னிடம் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பேன். இன்றைக்கு அதைக் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ சாப்பிட்டேன் என்பாய், எங்கே என்பேன், நீ ஒரு கடையின் பேரைச் சொல்வாய், அங்கே எண்ணெய் அதிகம் என்று நான் குறை சொல்வேன், அதோடு பேச்சு தீர்ந்துவிடும். நீ கோலாலம்பூருக்குப் போய்ப் பதினொரு நாளாகிறது. பதினொரு நாளும் நாம் அப்படித்தான் பேசியிருக்கிறோம். அதனால்தான் இந்தத் தாள். போனில் தட்டினால் பாதியில் அழித்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். பேனாவில் எழுதினால் அடிக்கலாம், கிறுக்கலாம், ஆனாலும் எழுதியது அடியில் தெரியும். என் கையெழுத்தைப் படிக்க நீ கஷ்டப்படுவாய், படு. நான் இதை எழுத அதைவிடக் கஷ்டப்படுகிறேன்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால், நீ பள்ளியின் கடைசி வருடம், ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது, கணினியில் உன்னோடு பேசிக்கொண்டிருந்த லீனா உன்னைப் பாதியில் விட்டுவிட்டுப் போகவில்லை. நான்தான் அவளை அனுப்பிவைத்தேன். உன் பேரில், நீ எழுதுகிற மாதிரி எழுதி அனுப்பிவைத்தேன். இதை ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் ஒரு வரியில் சொன்னால் அது பாதிப் பொய்யாகிவிடும். ஏன் செய்தேன், எப்போது உண்மை தெரிந்தது, தெரிந்த பிறகும் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்பதையும் நீ கேட்க வேண்டும். உனக்கு வரவேண்டிய கோபம் முழுவதாக வரட்டும்.

உன் அப்பா போனதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கொரோனாவுக்காகப் போட்ட முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், வாசலோடு நம்மை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் உடலைத்தான் பார்த்தோம். சாவு வீட்டுக்கு யாரும் வர முடியவில்லை. நம் பிளாட்டில் பதினோராவது மாடி முழுக்கக் கதவைத் திறந்து அவரவர் வாசலில் நின்றபடி கும்பிட்டார்கள். சுடுகாட்டுக்குப் போன நான்கைந்து பேரில் நீயும் நானும் இருந்தோம். முகக்கவசத்துக்குள்ளே நீ அழ ஆரம்பித்தாய், துணி நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். உன் கையைக் கிள்ளினேன். "அழாதடா. நீ அழுதா நானும் விழுந்துருவேன்" என்றேன். நீ நிறுத்திவிட்டாய். பதினாறு வயதுப் பிள்ளை, சொன்ன உடனே குழாயைத் திருகி மூடிய மாதிரி நிறுத்திவிட்டாய். அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, என் பிள்ளை எவ்வளவு திடமானவன் என்று எல்லாரிடமும் போனில் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போய்விட்டேன். எங்கள் தொழிற்சாலையை மூடவில்லை, மருந்து பாட்டிலுக்கு மூடி செய்கிறோம் என்று அனுமதி கொடுத்தார்கள். விடிவதற்குள் பெரிப் படகு ஏறி, கடல் தாண்டி பட்டர்வொர்த் போய், அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் மாக் மண்டின் தொழிற்பேட்டை. பன்னிரண்டு மணி நேரம். ஆயிரக்கணக்கான மூடிகளைப் பார்த்துக் கோணலானதைப் பொறுக்கி எடுப்பதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும், அதில் நான் கெட்டிக்காரி. நீ மட்டும் வீட்டில். பள்ளிக்கூடம் ஒரு பழைய மடிக்கணினிக்குள் வந்துவிட்டது. ஒவ்வொரு இடைவேளையிலும் உன்னைக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். நீ சாப்பிட்டேன் என்றாய். ஒரு வருடம் அப்படிப் போனது. அந்த வருடம் முழுக்க உன்னிடம் நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருடம் மறுபடியும் கட்டுப்பாடு போட்டார்கள். அப்பாவின் முதல் திதிக்கு இரண்டு வாரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும், உன்னைக் கீழே கடைக்குத் தேங்காய்ப்பால் வாங்க அனுப்பினேன். நீ கணினியை மூடாமல் போனாய். மேசையைத் துடைக்கத்தான் போனேன், உளவு பார்க்கப் போகவில்லை. இதை மட்டும் நம்பு. திரையில் பச்சை நிறத்தில் ஓர் இதயப் படம், பக்கத்தில் லீனா என்று ஒரு பேர். கீழே மலாயில் எழுதியிருந்தது. 'செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நான் இங்கேதான் இருப்பேன். நீ சொன்னது நமக்குள்ளேயே இருக்கும்.' அதற்கு நீ எழுதியிருந்தாய்: 'உங்களிடம் பேசும்போதுதான் மூச்சு விட முடிகிறது. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல முடியாது.'

இதை எந்த அம்மா பார்த்தாலும் என்ன நினைப்பாள், நீயே சொல். மேலே என்னவோ பெரிய எழுத்தில் போட்டிருந்தது, அது ஒரு சேவையின் பேர் என்று படிக்கவே இல்லை. பேரைப் பார்த்தேன், இதயத்தைப் பார்த்தேன், என் புத்தி அங்கேயே ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டது. மலாய்ப் பெண். என் மகன் ஒரு மலாய்ப் பெண்ணிடம் மாட்டிக்கொண்டான். கல்யாணம் என்றால் மதம் மாற வேண்டும், பேர் மாறும். உன் அப்பாவுக்கு இருப்பது ஒரே பிள்ளை, அவனும் போய்விட்டால் வருடா வருடம் யார் திதி கொடுப்பது? இரண்டே வாரத்தில் முதல் திதி, அதற்குள் இப்படியா? ஒரு நிமிடத்துக்குள் உனக்குக் கல்யாணம் முடித்து, பேர் மாற்றி, என்னை அநாதையாக்கி, எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே நடத்தி முடித்துவிட்டேன். இத்தனைக்கும் என்னோடு வேலை செய்கிற கமாரியாவும் மலாய்க்காரிதான், அவளோடு அப்போதே எட்டு வருடமாக ஒரே மேசையில் சாப்பிட்டவள் நான். அப்பா போன மறுநாள் நம் பிளாட்டுக்குக் கீழே நின்று, போலீஸ் எங்கே விரட்டுமோ என்று பயந்துகொண்டே, அண்டா நிறையச் சோறு கொடுத்துவிட்டுப் போனது அவள்தான். அப்படியிருந்தும் ஒரு பேரைப் பார்த்ததும் அது என் கண்ணை மறைத்துவிட்டது. அது லீனாவின் குற்றமில்லை, உன் குற்றமும் இல்லை.

நின்றபடியே தட்டினேன். 'நான் இப்போது நன்றாக இருக்கிறேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.' என் மலாய் உன் மலாயைவிட நன்றாகவே இருக்கும், உனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததே நான்தானே. உடனே பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகூடக் காத்துக் கிடக்கிறாள் பார் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது. அந்தப் பதிலைப் படித்தேன். அதை நான் மறக்கவில்லை தம்பி, வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொல்வேன். 'நீ நன்றாக இருப்பதாகச் சொல்வது எனக்குச் சந்தோஷம். ஆனாலும் ஆலோசகர் என்ற முறையில் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். ஜன்னல் பக்கம் போனால் உன்மேல் உனக்கே பயமாக இருக்கிறது என்று போன வாரம் சொன்னாய். அந்த எண்ணம் இன்றும் வருகிறதா? அம்மாவிடம் சொல்ல உனக்குத் துணை வேண்டுமென்றால், நானும் உங்களோடு இருந்து பேசுகிறேன்.'

நான் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் மேலே இருந்த பெரிய எழுத்துகளைப் படித்தேன், இளையோருக்கான மனநலச் சேவை என்று. எதிரிலேயே சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. காலையில்தான் அங்கே நின்று கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்று என்று உன்னிடம் சொல்லியிருந்தேன், ஞாபகம் வந்தது. இதுவரை நான் சொன்னதெல்லாம் அறியாமல் செய்தது. அதற்கு மன்னிப்புக் கேட்டால் போதும். இனி சொல்லப்போவது தெரிந்தே செய்தது.

அவள் காதலி இல்லை, உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறவள் என்று தெரிந்த பிறகும் நான் தட்டினேன். 'அந்த எண்ணம் இப்போது இல்லை. அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அம்மா பார்த்துக்கொள்கிறார். நன்றி.' ஏன் என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பயம் என்று சொல்லிப் பார்த்தேன், ஊருக்குத் தெரிந்தால் என்னாகும் என்ற நினைப்பு என்று சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. ஆனால் உண்மையான காரணம் பொறாமை. நான் பெற்று, நான் வளர்த்து, உனக்காகப் பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கி வருகிறேன், நீ உன் உயிரைப் பற்றி முகம் தெரியாத ஒருத்தியிடம் பேசியிருக்கிறாய். அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. இனி அவள் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். பிறகு செட்டிங்ஸுக்குள் போய், கணக்கை நிரந்தரமாக மூடு என்று இருந்ததைத் தேடி எடுத்தேன். அவள் இன்னும் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள், பேருக்குக் கீழே மூன்று புள்ளிகள் ஆடிக்கொண்டிருந்தன. அது முடியும்வரை நான் காத்திருக்கவில்லை.

நீ தேங்காய்ப்பாலோடு மேலே வந்தாய். "லாஸ்ட் பாக்கெட்மா. எனக்குப் பின்னால நின்ன ஆண்ட்டி மூஞ்சி தொங்கிப் போச்சு லா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்து, இவனுக்கு ஒன்றுமில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையாவது எழுதுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு வைத்த குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன். நீ ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாய்.

செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டேன். தலைவலி என்று உன்னிடம் சொன்னேன். இரண்டே முக்காலுக்கு நீ முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாய். முகம் தெரியாத ஒருத்தியிடம் பேசத் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தாயே, அதை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. நான் கூடத்தில் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நீ தட்டுகிற சத்தம், நிறுத்துகிற சத்தம், மறுபடி தட்டுகிற சத்தம்.

"அம்மா, நெட் போச்சா?"

"நெட்டெல்லாம் இருக்கே. என் போன்ல ஓடுது."

"இல்லம்மா, என் அக்கவுண்ட் இல்லவே இல்லேன்னு வருது."

"எது, ஸ்கூல் அக்கவுண்ட்டா?"

இன்னும் இரண்டு தடவை தட்டிப் பார்த்தாய். பிறகு, "ஆமா, ஸ்கூல்தான்" என்றாய்.

நீ ஒரு பொய் சொன்னாய், நான் ஒரு பொய் சொன்னேன். என் பொய்க்குள்ளே நீ உட்கார்ந்திருந்தாய், உனக்கு அது தெரியாது. நான்கரை மணிவரைக்கும் அந்தத் திரைக்கு முன்னால் இருந்தாய். நான் எழுந்து டீ போட்டுக் கொடுத்தேன். அந்த டீயோடு உண்மையையும் சொல்லியிருக்கலாம், புதுக் கணக்குத் திறக்க ஐந்து நிமிடம் ஆகாது. பிஸ்கட் வேண்டுமா என்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்த காவல் வேலைகள் உனக்குத் தெரியும், காரணம் மட்டும் தெரியாது. கடைகள் திறந்ததும் முதல் வேலையாக ஆள் கூப்பிட்டு எல்லா ஜன்னலுக்கும் கம்பி போட்டேன். திருட்டு பயம் என்றேன். "பதினோராவது மாடிக்கு எந்தத் திருடன்மா ஏறி வருவான்? ஸ்பைடர் திருடனா?" என்று நீ கேலி செய்தாய். அந்தக் கேலிக்கு நானும் சிரித்தேன். கறிவேப்பிலைத் தொட்டியைக் குளியலறைப் பக்கம் மாற்றினேன், வெயில் இல்லாமல் அது செத்தது. சூப்பர்வைசரிடம் சண்டை போட்டுப் பகல் ஷிப்ட்டை நிரந்தரமாக வாங்கிக்கொண்டேன். ஆனால் கம்பியும் ஷிப்ட்டும் உன்னோடு பேசாது. ஒரு மாலையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, "மனசுல ஏதாச்சும் இருந்தா அம்மாகிட்ட சொல்லு தம்பி" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒன்னும் இல்லமா. நல்லாத்தான் இருக்கேன்" என்றாய். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! கேட்டாகிவிட்டது, இல்லை என்றும் சொல்லிவிட்டான். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நிமிடமே எஸ்பிஎம் பரீட்சையைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன்.

திதி அன்று ஐயரால் வர முடியவில்லை. போனைச் சாய்த்துவைத்து, அவர் அந்தப் பக்கமிருந்து மந்திரம் சொல்ல, நீ இந்தப் பக்கம் திரும்பச் சொன்னாய். எள்ளும் தண்ணீரும் இறைத்தாய். "தம்பி, கேமரா முன்னாடி கொஞ்சம் தள்ளி உக்காரு, கை தெரியல" என்றார் ஐயர். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மந்திரம் போன் வழியாக வந்தால் அப்பாவுக்குப் போய்ச் சேரும் என்று நம்பினேன், உனக்கு வந்த ஆறுதலை மட்டும் கணினிக்குள்ளே இருப்பதெல்லாம் நிஜமா என்று தள்ளிவிட்டேன். இந்த யோசனைகூட அன்றைக்கு வரவில்லை, பாத்திரம் கழுவும்போது ரொம்ப நாள் கழித்து வந்தது.

ஒரு தடவை கேண்டீனில் கமாரியாவிடம் பேர் சொல்லாமல் கேட்டேன். எனக்குத் தெரிந்த ஒருத்தியின் மகன், அம்மாவிடம் சொல்லாமல் யாரோ ஆலோசகரிடம் கணினியில் பேசுகிறானாம், அந்த அம்மாவுக்கு மனசு கஷ்டமாக இருக்கிறதாம் என்றேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, அதில் கஷ்டப்பட என்ன லா இருக்கிறது, பேசுகிறானே, அதுவே பெரிசு, பேசாமல் போன பிள்ளையின் அம்மாவைக் கேட்டுப் பார் என்றாள். அவள் தங்கை மகன் அப்படிப் பேசாமலேயே உயிரை விட்டவன் என்று எனக்கு அதுவரை தெரியாது. எட்டு வருடம் ஒரே மேசை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன்னிடம் சொல்லிவிடுவது என்று படகில் வரும்போதே முடிவு செய்தேன். வந்து பார்த்தால் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அடுத்த நாள் தைரியம் போய்விட்டது. தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

நீ எப்படி மீண்டாய் என்று எனக்குத் தெரியாது தம்பி. இதை எழுதுவது எனக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருக்கிறது. ஏழெட்டு மாதம் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். பிறகு ஒருநாள் டிவியில் எதையோ பார்த்துச் சத்தமாகச் சிரித்தாய், நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். நடுவில் என்ன நடந்தது, யார் கை கொடுத்தார்கள், நீயே ஏறி வந்தாயா, ஒன்றும் நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சில் லீனா வருவாள் என்று பயம். கடைசியில் ஒருநாள் நீயே அவளைக் கொண்டுவந்தாய். கல்லூரியில் ஆலோசனைப் படிப்புக்கு மனுப் போட்ட அன்று, சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாய். "அஞ்சாம் படிவத்துல ஒருத்தவங்ககிட்ட ஆன்லைன்ல பேசிட்டிருந்தேன்மா. நல்லா பேசுவாங்க. திடீர்னு அக்கவுண்ட்ட குளோஸ் பண்ணிட்டாங்க. ரொம்பத் தொல்லை குடுத்துட்டேன் போல." மறுபடி போய்க் கேட்க வேண்டியதுதானே என்றேன், என் வாய்க்கு எவ்வளவு திமிர் பார். "ஒரு தடவ தொரத்துன வீட்டுக்கு யாராச்சும் திரும்பப் போவாங்களாம்மா?" என்றாய். நான் உனக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினேன்.

ரொம்பத் தொல்லை கொடுத்துவிட்டேன் போல. இந்த ஒரு வாக்கியத்தை ஐந்து வருடமாக நீ சுமக்கிறாய். உன் நண்பர்கள் கூப்பிட்டால்கூட இரண்டு நிமிடத்தில், உங்களுக்கு வேலை இருக்கும் என்று நீயே போனை வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல் வந்தால்கூடச் சொல்ல மாட்டாய். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்கிற அந்தப் பழக்கம் உன் குணம் என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். அது குணமில்லை, நான் உண்டாக்கிய காயம். போன மாதம் கூடத்தில் உட்கார்ந்து கணினியில் நேர்காணலுக்குப் பேசினாயே, இளையோருக்குப் பதில் எழுதுகிற இந்த வேலைக்கு, நான் சமையலறையில் உன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஏன் இந்த வேலை என்று கேட்டார்கள். என்னை ஒருவர் பாதியில் விட்டுவிட்டார், நான் யாரையும் பாதியில் விடமாட்டேன் என்றாய். சட்டையின் கைப்பகுதியில் பெட்டியை அப்படியே வைத்துவிட்டேன். அந்த நீலச் சட்டை எங்கே எங்கே என்று தேடினாயே, அது கருகிப்போய்விட்டது.

உன்னைச் சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில் கோலாலம்பூர் பஸ் ஏற்ற வந்தபோது சொல்லிவிடுவதாகத்தான் வந்தேன். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். "என்னம்மா, என்னமோ சொல்ல வர்றீங்க?" என்று நீயே கேட்டாய், நல்ல ஆலோசகன் ஆகிவிடுவாய் நீ. "தண்ணி பாட்டில் பை சைடுல இருக்கு" என்றேன். பஸ் போன பிறகும் அங்கேயே இருந்தேன். அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ், எல்லாம் போனது. வீட்டுக்குப் போக மனமில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சேவையைத் தேடிக் கண்டுபிடித்தேன். இதயத்தின் நிறத்தை மாற்றிவிட்டார்கள். வயது என்ன என்று கேட்டது, அவர்கள் கொடுத்த வயதுகளில் என் வயது இல்லை. இருந்ததிலேயே கடைசியை அமுக்கி உள்ளே போனேன். ஒருவர் வந்து, வணக்கம், இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் இளையவள் இல்லை, ஒரு அம்மா, ஐந்து வருடத்துக்கு முன்னால் உங்களிடம் இருந்த லீனாவுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்று எழுதினேன். பணியாளர்களைப் பற்றிச் சொல்ல முடியாது, அவர் இங்கே இருக்கிறாரா என்பதைக்கூடச் சொல்ல முடியாது, ஆனால் செய்தியைப் பதிந்துவைக்கிறேன் என்றார். உன் பேரைச் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறேன் என்று அன்றைக்கு எழுதியது அந்தப் பையன் இல்லை, அவன் அம்மா. அவன் உயிரோடு இருக்கிறான், இப்போது உங்கள் வேலையைத்தான் செய்கிறான். இவ்வளவுதான் எழுதினேன். அந்த ஆள் செய்தியைப் பதிந்துகொண்டார். பிறகு, சொன்னதற்கு நன்றி அம்மா என்று எழுதினார். இது அவளுக்குப் போய்ச் சேருமா என்று தெரியாது. அவளும் ஐந்து வருடமாக, அந்தப் பிள்ளை என்ன ஆனானோ என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். அதுவும் என் கணக்கில்தான்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் அம்மா என்றால் சொல்லாமல் இருக்க முடியாதே. ஒன்றே ஒன்று. உன் திரையில் ஒருநாள் ஒரு பிள்ளை எழுதும், நான் நன்றாக இருக்கிறேன், இனி வேண்டாம், அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்று. வாக்கியம் சுத்தமாக இருக்கும், தப்பு இருக்காது. உடனே நம்பிவிடாதே. இன்னொரு தடவை கேள். உங்கள் விதியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அந்தப் பிள்ளையின் குரலை ஒரு தடவை கேட்க வழி இருந்தால் கேட்டுவிடு. அந்தப் பக்கம் தட்டுவது பிள்ளையாக இல்லாமல் என்னைப்போல் ஒருத்தியாக இருக்கலாம். இந்தக் கடிதத்தை உன் வேலையிடத்தில் படித்துக் காட்ட வேண்டுமானால் காட்டு. பேர் போடாமல்தான் எழுதியிருக்கிறேன். என்னை மாதிரி அம்மாக்கள் இந்தத் தீவில் மட்டும் இல்லை, எல்லா ஊரிலும் இருப்பார்கள், நல்லவர்களாகவே இருப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். உன்னை எனக்குத் தெரியும். சண்டை போட மாட்டாய். பரவாயில்லம்மா, பழைய கதைதானே என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூப்பிடுவதைக் குறைப்பாய். அதற்குத்தான் பயப்படுகிறேன். நீ என்னைவிட்டுப் போனால் அது எனக்கு வேண்டியதுதான், ஆனால் நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே போய்விடாதே. அந்தப் பொய்யை உன் பேரில் முதலில் எழுதியவள் நான், எனக்கே அதைத் திருப்பித் தராதே.

நேற்று நீ, நல்லா இருக்கீங்களாம்மா என்று கேட்டு எழுதியிருந்தாய். நான் கட்டைவிரல் படம் போட்டேன். தம்பி, நான் நல்லா இல்லை. வேலை விட்டு வந்தால் வீட்டில் பேசுவதற்கு ஓர் ஆள் இல்லை. இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு மறுநாள் அதையே சாப்பிடுகிறேன். உன் அறைக் கதவைச் சாத்தினால் ஒரு கஷ்டம், திறந்துவைத்தால் ஒரு கஷ்டம். அப்பா போனதற்கு நான் இன்னும் அழவில்லை என்று இந்த வாரம்தான் தெரிந்தது, உன் தலையணை உறையைத் துவைக்கப் போட்டபோது. இதையெல்லாம் சொல்ல எனக்கும் யாரும் இல்லை. அந்த ஒரு வருடம் நீ இந்த வீட்டில் எப்படி இருந்திருப்பாய் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

கோபம் ஆறின பிறகு கூப்பிடலாம் என்று இருந்துவிடாதே. கோபத்தோடேயே கூப்பிடு. திட்டு, கத்து, அழு, நான் போனை வைக்க மாட்டேன்.

அம்மா